நீலப் பொட்டு வைத்த தொட்டிகள்

மீன்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நிற்பதை நான் முதலில் பார்த்தது ஒரு மத்தியான வேளையில். ஷெட்டுக்குள் எட்டு ஃபைபர் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் நீள ரோகுக் குஞ்சுகள் முப்பது. காற்றுக் குழாய் குமிழி விடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. நான் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு நிமிர்ந்தேன். எட்டுத் தொட்டியிலும் மீன்கள் நீந்துவதை நிறுத்தியிருந்தன. தலை கதவுப் பக்கம், வால் மட்டும் லேசாக அசைகிறது. கதவு சாத்தியிருந்தது. வெளியே காலடியும் இல்லை, பேச்சும் இல்லை. மனசுக்குள் பத்து வரை எண்ணியிருப்பேன். பிறகுதான் கதவு திறந்தது. பண்ணையில் கூலி வேலை பார்க்கும் அக்கா தீவன டின்னோடு உள்ளே வந்தாள்.

பசித்த மீனுக்கு ஆள் வருவது தெரியும் என்பது புதிதல்ல. மீன் வளர்க்கிற யாரும் சொல்வார்கள். ஆனால் நான் வரும்போது அவை திரும்பியதில்லை. நான் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பவள். அவள் செருப்பைக் கேட் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வருபவள். பத்து அடி தூரத்தில் எனக்கே கேட்காத நடை. அது அந்த மீன்களுக்கு எப்படிக் கேட்டது என்று நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் கரமனை தாண்டித் தெற்கே போகிற பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு மீன் பண்ணையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாதி நாள் தொட்டியின் அடியிலிருந்து மீன் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிற வேலை. ஆனால் அது முடிந்தால்தான் எனக்கு டாக்டர் பட்டம். முன்பு வேறொரு தலைப்பில் இரண்டு வருஷம் உழைத்து, ஐப்பசித் துலாவர்ஷ மழையில் குளக்கரை உடைந்து, என் மீன்கள் அத்தனையும் ஆற்றோடு போயிருந்தன. இந்த முறையும் கோட்டை விட்டால் பதிவு காலாவதியாகிவிடும். நகரத்துக் கோட்டைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் என் படிப்பைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். யாராவது ‘இன்னும் முடியலியா’ என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன்.

என் ஆராய்ச்சி ஒரு பொடியைப் பற்றியது. ப்ரீபயாடிக் என்பார்கள். மருந்து என்றால் மருந்தில்லை, தீனி என்றால் தீனியும் இல்லை. ஈஸ்ட்டின் மேல்தோலிலிருந்து எடுத்த வெளிர் பழுப்புப் பொடி. மீன் அதை விழுங்கும், ஆனால் மீனுக்கு அது செரிக்காது. மீனின் குடலில் குடியிருக்கிற நல்ல கிருமிகள்தான் அதைத் தின்னும். தின்று பெருகி, கெட்ட கிருமிக்கு இடம் இல்லாமல் செய்யும். மீனுக்கு நோயைத் தாங்கும் தெம்பு வரும். மீன் வளர்ப்பவர்கள் பலர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இடித்துக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பதிலாக இந்தப் பொடி போதுமா என்பதுதான் என் கேள்வி.

கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இரண்டு கூட்டம் வேண்டும். நான்கு தொட்டிக்கு வெளிப்புறத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. அந்த மீன்களுக்குப் பொடி கலந்த தீவனம். மற்ற நான்குக்கும் நீலப் பொட்டு. அவற்றுக்கு அதே தீவனம், பொடி மட்டும் கிடையாது. அறுபது நாள் இப்படிப் போட வேண்டும். அறுபதாம் நாள் எல்லா மீனுக்கும், சிவப்பு நீலம் என்று பார்க்காமல், வயிற்றில் ஊசி போட்டு நோய்க்கிருமியை ஏற்ற வேண்டும். எது சாகிறது, எது பிழைக்கிறது என்று எண்ண வேண்டும். இதற்கு எங்கள் துறையில் ‘சேலஞ்ச்’ என்று பெயர். யார் யாருக்குச் சவால் விடுகிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

தீவனத்துக்கு வேண்டியதெல்லாம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் வாங்குவேன். அங்கே பிண்ணாக்கு மண்டி வைத்திருந்த அண்ணாச்சிக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. “மாட்டுக்கா பிள்ளே, கோழிக்கா?” என்பார். மீனுக்கு என்றால் நம்பமாட்டார். “மீனுக்குக் கடலப் பிண்ணாக்கா? நல்லா இருக்கே கூத்து. அது பொறவு சாம்பாரும் கேக்கும், பாத்துக்கோ,” என்பார். தவிடு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், மரச்சீனிக் கிழங்கு மாவு எல்லாவற்றையும் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, இடியாப்பம் பிழிகிற நாழியில் போட்டுப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, கையால் நொறுக்கி டின்னில் அடைப்பேன். சிவப்பு மூடி டின்னில் பொடி சேர்த்தது, நீல மூடியில் சேர்க்காதது. பார்வைக்கும் மணத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். சனிக்கிழமை பிழிந்தால் அடுத்த சனி வரை வரும்.

டின்னை வாங்கி, தராசில் நிறுத்து, தொட்டி தொட்டியாகப் போடுகிற வேலை அக்காவுக்கு. அவள் விதுராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டம் பூட்டிய பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்திருந்தாள். மகள் பக்கத்து ஸ்கூலில் எட்டாம் வகுப்பு. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தராசு முள்ளைப் பிடித்து நிறுத்துவதில் என்னைவிட நிதானம். பேச்சு பாதி திருநெல்வேலி, பாதி மலையாளம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள்தான். நான் அக்கா என்பேன். அவள் என்னை ‘சாரே’ என்பாள். இந்த ஊரில் பெண்ணாக இருந்தாலும் ஆபீசில் இருந்தால் சார்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் பொடிப் பாக்கெட்டை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்துவிட்டு, இது மீனுக்கு என்ன செய்யும் என்று கேட்டாள். சொன்னேன். தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ மீனு திங்கறது மீனுக்கு இல்லியா சாரே? உள்ள இருக்க யாரோவா திங்குது?”

“யாரோ இல்லக்கா. கிருமி.”

“எத்தன பேரு காணும்?”

“கோடிக்கணக்குல.”

பாக்கெட்டின் வாயை மடித்து வைத்தாள். பிறகு, “அப்போ இது முப்பது மீனு இல்ல, கேட்டோ,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஷெட்டுக்குள் தனியாக இருக்கும்போது அது சின்ன இடமாகத் தெரியவில்லை. தீவனம் விழுந்ததும் மீன்கள் வாயைத் திறந்து மூடும் ‘பளக் பளக்’ சத்தம் கேட்கும்போதெல்லாம், விழுங்குவது இவை, தின்பது வேறு யாரோ என்ற நினைப்பு வரும். விஞ்ஞானம் படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அறுபது நாளும் ஒரு குறையுமில்லாமல் போனது. அறுபதாம் நாள் காலை ஊசி போட்டோம். தண்ணீரில் கிராம்பு எண்ணெய் சொட்டினால் மீன் மயங்கும். ஷெட் முழுக்கப் பல்வலி மருந்து மணம். அக்கா வலையால் அள்ளித் தர, நான் ஈரத்துணியில் வைத்து, துடுப்புக்குக் கீழே ஊசியை ஏற்றி, நல்ல தண்ணீரில் விட்டேன். மத்தியானம் வரைக்கும் குனிந்து நின்றதில் முதுகு கழன்றுவிட்டது. முடிவில் அவள் கேட்டாள், “இது சொகமாக்கவா சாரே?” நான் களைப்பில் ஊசிகளைக் கழுவப் போய்விட்டேன். பதில் சொன்னால் நின்று பேச வேண்டும்.

அந்தக் கிருமியை எனக்கு நன்றாகத் தெரியும். நானே வளர்த்தது. ஏற்றிய மறுநாளே துடுப்படியில் சிவக்கும், செதில் உதிரும், வயிறு ஊதும், மீன் மேலே வந்து சாய்ந்து மிதக்கும். பொடி தின்ற சிவப்புத் தொட்டியில் பெரும்பாலும் பிழைக்க வேண்டும். நீலத் தொட்டியில் பாதிக்கு மேல் போக வேண்டும். அது போனால்தான் எனக்குப் பட்டம். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது நான் நீலத் தொட்டி மீன்கள் செத்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

இரண்டாம் நாளும் இல்லை. துடுப்படியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று செத்தது. நான்காம் நாள் எதுவுமில்லை. மீன்கள் தொட்டியின் மேல்மட்டத்தில் அசையாமல் நின்றன. நோயும் இல்லை, குணமும் இல்லை என்பதுபோல் ஒரு நிலை. எண்ணிப் பார்க்கக் குனிந்தால் என் நிழல் விழுந்தும் கலையவில்லை. மீன் கண்ணுக்கு இமையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இருநூற்றுச் சொச்சம் மீன்களின் கண்கள் அப்படி நிற்பதை நடுப்பகலில் தனியாகப் பார்க்கும்போது அது தெரிந்த விஷயமாக இருப்பதில்லை.

கிருமி செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். வேறென்ன இருக்க முடியும்? மிச்சமிருந்த அதே கிருமி நீரை எடுத்துக்கொண்டு, வெளிக்குளத்திலிருந்து பத்துக் குஞ்சுகளைப் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் பேசினில் விட்டு ஊசி போட்டேன். மறுநாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் பத்தும் வயிறு மேலாகக் கிடந்தன. கிருமிக்கு ஒரு கேடுமில்லை. நன்றாகவே வேலை செய்கிறது. நீலத் தொட்டிகளில் மட்டும் செய்யவில்லை.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பேய் பிசாசு என்றெல்லாம் இல்லை. அதற்கெல்லாம் பயப்படுகிற வீட்டில் நான் வளரவில்லை. ஆனால் சாக வேண்டியது சாகாமல் நின்றால் அதைப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது. நீலப் பொட்டுத் தொட்டிகள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதை விட்டேன். நாற்காலியைச் சுவரோடு போட்டுக்கொண்டேன். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை கதவுப் பக்கம் திரும்பும். திரும்பி நிற்கும். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து அக்கா வருவாள். ஒரு நாளாவது அவை ஏமாந்து நான் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் தலையோடு கிடந்தவற்றைப் பார்த்ததும் ஓரமாக ஒதுக்கிவைத்தேன். மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன். 

விஷயம் வெளிப்பட்டது ஒரு சனிக்கிழமை. வழக்கமாகத் தீவனத்தைப் பிழிந்து டின்னில் அடைத்துக் கொடுத்துவிட்டு, முன்கட்டிடத்துக்குச் சாப்பிடப் போய்விடுவேன். மீன்களை இன்னும் சில வாரம் கவனிக்க வேண்டியிருந்ததால் தீவனம் நிற்கவில்லை. அன்றைக்குப் பாதி வழியில் டிபன் பாக்ஸை ஷெட்டிலேயே விட்டுவிட்டது நினைவு வந்து திரும்பினேன். தீவன அறையின் வாசலில் வெயில் விழுந்திருந்தது. அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தானியம் புடைக்கிற பெரிய சுளகு வைத்திருந்தாள். சிவப்பு மூடியும் நீல மூடியும் பக்கத்தில் கழற்றிக் கிடந்தன. இரண்டு டின்னையும் சுளகில் கொட்டி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கலந்துகொண்டிருந்தாள். அரிசியில் உளுந்து கலப்பதுபோல் நிதானமாக, ஒரு தவறும் செய்யாதவள் முகத்தோடு.

“என்னக்கா இது?”

“ஒண்ணுமில்ல சாரே. ரெண்டயும் ஒண்ணாக் கலந்துட்டுத் திருப்பி நெறைக்கேன்.”

“எத்தன நாளா?”

“ஆத்யம் தொட்டே. மொதல் டின்னு வந்த அன்னைக்கே.” என் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். “அளவு ஒண்ணும் கொறையல, கேட்டோ. நான் ஒரு நுள்ளு களவெடுக்கல.”

எதற்கு என்று கேட்டேன். குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அவள் சுளகைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“ஒரே பந்தியில உக்கார வச்சுட்டு, இந்த எலைக்கு ஒரு சோறு, அந்த எலைக்கு ஒரு சோறுன்னு விளம்பப்படாதுல்லா சாரே. எங்க லயத்துல கல்யாணம்னாலும் துட்டின்னாலும் யாராச்சும் அப்படி விளம்பினா எல்லாரும் எந்திச்சுப் போயிருவாங்க. இது வாயில்லாதது. எந்திச்சும் போவாது.”

துட்டி என்றால் சாவு. லயம் என்றால் தோட்டத்துக் கூலி வரிசை வீடுகள். பத்து வீட்டுக்கு ஒரே சுவர், ஒரே முற்றம். அங்கே ஒருவர் இலையை இன்னொருவர் பார்க்காமல் சாப்பிட முடியாது. இதெல்லாம் இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. என் ரெண்டு மாசமும் போச்சு, என் படிப்பும் போச்சு, உங்க பந்தியும் நீங்களும் என்றெல்லாம் கத்தினேன். பண்ணையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் எழுந்து, மடியை உதறி, கலந்த தீவனத்தை இரண்டு டின்னிலும் சமமாக நிறைத்து, மூடிகளைச் சரியாகப் போட்டு வைத்தாள். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நேராக என் ஆராய்ச்சியைக் கவனித்த சாரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தேன். அவர் மலையாளி, அமைதியானவர். எந்தச் செய்தி கேட்டாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துவிட்டு, “அப்போ எல்லா மீனுக்கும் பாதி அளவு பொடி போயிருக்கு. வெளிக்குளத்து மீன் பத்தும் செத்தது, இது நின்னது. பாதியே போதும்னுதானே அர்த்தம்? அது சின்ன விஷயமில்ல,” என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு பெருமூச்சு விட்டார். பொடியே இல்லாத ஒரு கூட்டம் பக்கத்தில் இல்லாமல் இதை யாரும் ஏற்கமாட்டார்கள், முதலிலிருந்து செய் என்றார். எனக்குப் பாதியும் வேண்டாம் முழுசும் வேண்டாம், அவள் என் ஷெட்டுக்குள் வரக்கூடாது என்றேன். அக்காவை வெளிக்குளத்து வேலைக்கு மாற்றினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாசி வாருகிற வேலை. வெயிலில் செய்கிற வேலை. நான் கேட்டு நடந்தது அது. அப்போது அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தொட்டிகளைக் கழுவி, புதுக் குஞ்சுகள் வாங்கி, மறுபடியும் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தேன். இந்த முறை டின்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் பர்சில் வைத்துக்கொண்டேன். நிறுப்பதும் நான், போடுவதும் நான். பஸ் வேலைநிறுத்தத்தன்றுகூட ஆட்டோவும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். ஒரு வேளை தவறவில்லை. மீன்களும் நன்றாகத்தான் தின்றன.

புதுக் குஞ்சுகள். அவளை ஒரு நாளும் பார்த்திராத குஞ்சுகள். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, மத்தியானம் தீவனம் போட்டு முடித்து நான் எழுதிக்கொண்டிருந்தேன். குமிழிச் சத்தம் மட்டும். நிமிர்ந்தேன். எட்டுத் தொட்டியிலும் தலைகள் கதவுப் பக்கம் இருந்தன.

பேனாவைக் கீழே வைத்தேன். நான்தான் உள்ளே இருக்கிறேன். தீவனம் போட்டாகிவிட்டது. யாருக்காகத் திரும்புகின்றன? எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வெளியே வெயில் கொதித்தது. யாருமில்லை. தூரத்தில் குளக்கரையில் இரண்டு மூன்று பேர் பாசியைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தபோது சிமென்ட் படியில் இரண்டு ஈரக் கால்தடங்கள். வெறுங்கால். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிகால் பக்கமிருந்து காய்ந்து மறைந்தன.

அதன் பிறகு பல நாள் அப்படி நடந்தது. சில நாள் படியில் ஈரம் இருக்கும், சில நாள் இருக்காது. ஈரம் இல்லாத நாளிலும் மீன்கள் திரும்பும். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. சாரிடம் சொன்னேன். கதவிடுக்கு வழியாக வெளிச்சம் வருகிறது, மீன் வெளிச்சத்துக்குத் திரும்பும் என்றார். நான் பழைய சாக்கை எடுத்து இடுக்கை அடைத்தேன். மறுநாளும் திரும்பின. நான் சாரிடம் மறுபடி போகவில்லை.

அறுபதாம் நாள் ஊசி போட்டேன். இந்த முறை வலையால் அள்ளித் தர வேறொருவர். மறுநாள் காலை சிவப்புத் தொட்டிகளில் ஒன்றிரண்டு சாய்ந்திருந்தன. நீலத் தொட்டிகளில் சாவு தொடங்கியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. புத்தகத்தில் இருப்பதுபோலவே நடந்தது. ஒவ்வொன்றும் செத்ததும் அள்ளி, எண்ணி, எழுதி, வாளியில் போட்டுக்கொண்டே இருந்தேன். நோட்டில் நான் போட்ட கட்டங்கள் அழகாக நிறைந்துகொண்டிருந்தன. வேண்டியது கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மிச்சமிருந்த நீலத் தொட்டி மீன்கள், வயிறு ஊதி, செதில் உதிர்ந்து, சாய்ந்தபடியே கதவுப் பக்கம் நின்றன. நான் அங்கேயே நின்று அழுதேன். 

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, தொட்டிகளை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நிழல் தட்டியது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். கையில் பாசி அரித்த வெள்ளைத் தழும்புகள். உள்ளே வரவில்லை. வரக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே.

“முடிஞ்சுதா சாரே?”

“முடிஞ்சுதுக்கா.”

நீலப் பொட்டு வைத்த காலித் தொட்டிகளைப் பார்த்தாள். “இதுல உள்ளது பசியோடயா போச்சு?”

“இல்லக்கா. வயிறு நெறையத்தான் தின்னுச்சு. பொடி மட்டும்தான் இல்ல.”

தலையாட்டினாள். படியில் உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள், என்னிடம் இல்லாததுபோல.

“எனக்கு ரெண்டு பிள்ள இருந்துது சாரே. தோட்டம் பூட்டின வருஷம் யாரோ வேன்ல வந்தாங்க. சத்துப் பொடி, டின்னுல. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான், பேரு எழுதிட்டுப் போனாங்க. மூத்தவ பேரு குடுத்தேன். பங்கு வச்சா ரெண்டு பேருக்கும் ஒடம்புல பிடிக்காது, ஒருத்திக்கே குடுன்னாங்க. பெரிய படிச்சவங்க. நான் அவங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். மூத்தவளுக்குக் கலக்கிக் குடுப்பேன். எளையது பக்கத்துல இருந்து பாத்துட்டே இருக்கும். அதுக்குக் கஞ்சி குடுப்பேன், வயிறு நெறையக் குடுப்பேன். மழைக்கு ரெண்டுக்கும் ஒண்ணாத்தான் வயித்தால போச்சு. ஒரே பாயிலதான் கெடந்துச்சு. மூத்தவ எந்திச்சா.”

 நான் கையில் ப்ளீச்சிங் தண்ணீரோடு நின்றேன். மூக்கு எரிந்தது. முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

“நான் மொதல்ல கலந்து போட்டேன்லா. அப்போ எல்லாத்துக்கும் பாதி பாதிதானே கிட்டியிருக்கும்?”

“ஆமா.”

“அந்தப் பாதி போதுமாயிருந்துதா சாரே?”

அவள் முகத்தில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. கணக்குக் கேட்கவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாளோ. கேட்க ஒரு ஆளும் பார்க்க எட்டுத் தொட்டியும் அவளுக்கு இப்போதுதான் கிடைத்திருந்தது. அந்த ஷெட்டின் வாசலில் ஈரக் காலோடு அவள் எதற்கு வந்து நின்றாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

“போதாதுக்கா,” என்றேன். “பாதி குடுத்தா ஒண்ணும் ஆகாது. அப்போ மீனு சாகாம இருந்தது வேற காரணம். ஊசியில கிருமி செத்துப் போயிருந்துது. என் தப்பு.”

“ஆணோ? அப்படியா சாரே?”

“ஆமாக்கா. பாதி போதாது.”

என்னையே பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும். பிறகு அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. “அப்போ சரி,” என்று சொல்லி, முழங்காலில் கையூன்றி எழுந்து, குளத்துப் பக்கம் நடந்தாள்.

பட்டம் கிடைத்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆய்வேட்டில் அந்த முதல் அறுபது நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாதியே போதும் என்று தெரிந்ததைப் பின்னிணைப்பிலாவது எழுது, யாருக்காவது உதவும் என்று சார் இரண்டு முறை சொன்னார். எழுதினால் ஒரு பிரதி பண்ணை அலமாரியில் இருக்கும். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் மகள் வாசிப்பாள். நான் எழுதவில்லை.